போடிங் வீட்டின் கடைசி அறை

பகல் பன்னிரண்டு மணி. அந்த நேரத்தில் காலேஜ் ரோட்டில் ஒரு ஈ, காக்கை இருக்காது... பிள்ளைகளெல்லாம் வகுப்பில். ராத்திரியில்தான் பேய் வரும் என்று லாம்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நம்ம யஹ்யாவின் மாமா, அப்துல் ஸமத். மாத்தளையில் கொக்கோ வியாபாரம். மனைவி மஸூதாவின் நகை, உக்குவளைக் காணி, எல்லாவற்றையும் விற்று ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்றில் அந்த ரோட்டில் ஒரு பழைய வீடு வாங்கினார். ஹாலைப் பலகையால் மறித்து அறை அறையாக்கி, படிக்கிற பிள்ளைகள் தங்கும் போடிங் ஆக்கினார். எல்கடுவ, யட்டவத்தப் பக்கத்துப் பிள்ளைகள் வாடகைக்கு வந்து நிறைந்தார்கள். மனுசனுக்கு அந்த வீட்டை விட்டால் வேறொன்றும் இல்லை.

கடைசி அறையில் மகேந்திரராஜா. பரீட்சையை இரண்டாந்தரம் எழுத இருந்தார். வகுப்புக் கிடையாது, அறையிலேயே சத்தம் போட்டுப் படிப்பார். மகாவலி... களனி... வளவை... ஆற்றுப் பெயர்கள்.

அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபாய்டு, என்று ஊருக்கே தெரிந்துவிடும். வீடு காலியாகிவிடும். ஸமத் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்.

“குடிச்சிட்டுப் படுங்க தம்பி. நாளைக்குப் பார்ப்போம்.”

மறுநாளும் அதையேதான் சொன்னார். அதற்கடுத்த காலை, மற்றவர்கள் வகுப்புக்குப் போனதும் உயிர் போய்விட்டது. அவர்கள் திரும்புமுன், ஸமத் சொல்லியனுப்ப, ராஜாவின் தகப்பன் கண்டியிலிருந்து வந்து உடலைக் காரில் கொண்டு போய்விட்டார். ராஜா ஊருக்குப் போயிருக்கிறார், பரீட்சைக்கு வந்துவிடுவார் என்று ஸமத் பிள்ளைகளிடம் சொன்னார். நாக்குக் கூசவில்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். கூசவில்லை. மரத்துப்போயிருந்தார்.

பரீட்சை கிட்டியது. நான் சொன்ன அந்தப் பகல்... புது ஆளுக்கு அறையைக் கழுவிக் கொடுக்க வந்து வாசற்கதவைத் திறந்தார். மகாவலி... களனி... பலகைக்கு அந்தப் பக்கம். கூடவே கொத்தமல்லி அவிகிற வாசம். அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

ஸமத் ஓடவில்லை. ஓடி எங்கே போவது? வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

பின்னேரம் பிள்ளைகள் வந்து நேரே உள்ளே போனார்கள். அவர்களுக்கு என்ன பயம்? செத்தது தெரியாதே. பேச்சு, சிரிப்பு... அழகமுத்து என்ற எல்கடுவப் பையன் வெளியே வந்தான்.

“முதலாளி, ராஜாண்ணன் வந்துட்டாரு. உடம்பு கொதிக்குது. கொத்தமல்லி வேணாமாம். ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே போகணுமாம்.”

உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீடு அன்றைக்கே காலி. ஸமத் எழுந்துபோய்ச் சந்தியில் வாடகைக் கார் ஒன்று பிடித்து வந்தார். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பிள்ளைகள் யாரையோ தாங்கியபடி மெதுவாகப் படி இறங்கினார்கள். ஸமத்தின் கண்ணுக்கு அவர்கள் நடுவில் ஒருவரும் தெரியவில்லை.

யார் ஏற வேண்டும் என்று கார்க்காரன் கேட்டான். ஸமத் வாயைத் திறக்குமுன்... காரின் பின்பக்கம் ஒரு ஆள் பாரத்துக்குத் தாழ்ந்தது.