கல் அடுக்காதவன்

கால் நகத்தை ஒழுங்காக வெட்டாதவனோடு நான் பாலைவனத்துக்குப் போவதில்லை. இறக்கத்தில் நகம் பூட்ஸின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துப்போகும். மறுநாள் அவன் மூட்டையையும் நாம்தான் சுமக்க வேண்டும். ரூலன் பார்னி கிளம்புவதற்கு முந்தின நாளே நகம் வெட்டிவிடுவான். முப்பது வருஷமாக நான் அவனோடு மட்டும் நடந்ததற்கு, சொல்லப்போனால், அதுவே பாதிக் காரணம்.

நீங்கள் அவனைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது, தம்பி. அதற்குத்தான் வருகிறேன். உங்கள் அப்பா என் வகுப்பில் படித்தவர். அவருக்கும் இப்படித்தான் பொறுமை கிடையாது. அந்த டேப்பை நிறுத்த வேண்டாம், ஓடட்டும்.

நான் இந்த ஊர்ப் பள்ளியில் பாறையையும் மண்ணையும் பற்றிப் பாடம் எடுத்தவன். ரூலன் டயர்க் கடை வைத்திருந்தான். வெயில் தணிந்ததும் வருஷா வருஷம் பாலைவனத்துக்குள் இருக்கிற ஒரு நீரூற்றுக்குப் போவோம். வண்டித்தடம் முடிகிற இடத்தில் முதல் நாள் கூடாரம். அவன் இரும்புச் சட்டியில் பீச் பழத்தைப் போட்டு, மேலே மாவைக் கொட்டி, மூடியின் மேல் தணலை அள்ளிவைத்து வேகவைப்பான். மறுநாள் முதுகில் மூட்டை. அங்கிருந்து பாதை என்று ஒன்றும் கிடையாது, கண்ணுக்கெட்டிய வரை வெறும் பாறை.

பாறையில் காலடி பதியாது. அதனால் நடக்கிறவர்கள் நாலு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துவிட்டுப் போவார்கள். ஒரு அடுக்கின் பக்கத்தில் நின்று பார்த்தால் அடுத்தது தெரியும். பின்னால் வருகிறவன் அவற்றைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேரலாம். இங்கே எல்லோரும் செய்வது இது. நான் செய்வதில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கண்ணில் பட்டால் கலைத்துவிடுவேன். ஒவ்வொரு கல்லும் வெயில் பட்ட பக்கம் கறுத்து, மண் பட்ட பக்கம் வெளுத்து, தன் குழியில் மனிதன் வருவதற்கு முன்பிருந்தே கிடக்கிறது. அதன் அடியில் தேளுக்கும் பல்லிக்கும் குடியிருப்பு. எவனோ ஒருவன் வழி தவறாமல் இருப்பதற்காக அதைப் பிடுங்கிப்போடுவது என்ன நியாயம்? வழி தெரியாதவன் வீட்டில் இருக்கட்டும்.

இது ஊருக்கே தெரிந்த சங்கதி. கொண்டுபோன எதையும் அங்கே விட்டுவிட்டு வரக்கூடாது என்பது எல்லோருக்கும் சட்டம்தான், ஆனால் நான் ஆரஞ்சுத் தோலைக்கூடத் திரும்பக் கொண்டுவருகிறவன். ரூலன் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வான்.

“டேய் ஆரின், நீ குசு விட்டாக்கூடப் பையில புடிச்சுக் கட்டி ஊருக்கு எடுத்துட்டுப் போற ஆளு.”

“நீ விடுறதுக்குப் பை பத்தாது.”

இருமல் வருகிற வரைக்கும் சிரிப்பான். எங்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும். எங்களுக்குள் விரோதம் எதுவும் கிடையாது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன ஜூனில் ஃபீனிக்ஸ் நகரத்திலிருந்து டெஸ்ஸா என்று ஒரு மாணவி தனியாக அங்கே போனாள். உங்களுக்குத் தெரிந்த கதைதான். தேடிப்போனவர்களில் நீங்களும் இருந்தீர்கள். அங்கே மண்ணின்மேல் தீய்ந்த ரொட்டியின் மேல்தோல்போலக் கறுப்பாக ஒன்று படர்ந்திருக்குமே, அதற்கு உயிர் உண்டு. ஒரு தடவை மிதித்தால் மறுபடி வளர ஒரு ஆயுசு ஆகும். ஒரு பெண்ணைத் தேடுகிறோம் என்று ஊரே திரண்டு அதை மிதித்துத் துவைத்தது. ஹெலிகாப்டர் இறங்கிய இடம் இன்னமும் சொறி பிடித்த மாதிரி கிடக்கிறது. அதைப் பற்றி உங்கள் போலீஸ் அறிக்கையில் ஒரு வரி கிடையாது.

அவளைக் கண்டெடுத்தது ரூலன். ஊற்றுக்கு மேலே இருக்கிற சமதளத்தில் தாகத்தில் செத்துக் கிடந்தாள். ஊற்று அங்கிருந்து கூப்பிடு தூரம். இறங்குகிற வழி மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

“இறக்கத்துக்குப் போற பக்கம் இருந்த கல்லடுக்கெல்லாம் எங்கடா?” என்றான்.

“கலைச்சுட்டேன். மார்ச்லயே.”

“அதுக்கு முன்னாடி இருக்கறது எல்லாம் அப்படியே இருக்கே?”

“அது ஆள் வந்து போற இடம். அங்க நான் தொடறதில்ல.”

கை துடைக்கிற துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். “பாதி வழிக்குக் கல்லு இருக்கு, மீதிக்கு இல்ல. அந்தப் பொண்ணு கடைசிக் கல்லுக்கிட்டயே சுத்திச் சுத்தி வந்திருக்கு, ஆரின். மணல் தேங்கின இடத்துல எல்லாம் காலடி. அடுத்த கல்லு எங்கேன்னு தேடியிருக்கு.”

“ஜூன் மாசத்துல, தெரியாத இடத்துக்குத் தனியா வரலாமா?”

“தப்புதான். அதுக்காகச் சாகணுமா?”

அவள் அப்பா அக்டோபரில் வரப்போகிறார் என்றான். மகள் கிடந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். இவன்தான் கூட்டிப்போகிறான். போகிற வழியெல்லாம் இரண்டு பேருமாகக் கல்லடுக்குகளை மறுபடி வைக்கப்போகிறார்களாம்.

“அதுக்குள்ள நீயே அவர்கிட்ட சொல்லிடு. நீ சொல்லலேன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்.”

“சொல்லி என்ன ஆகப்போகுது?”

“உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கணும்டா. நான் கூட வர்றேன். உன் பக்கத்துலயே நிக்கிறேன்.”

என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. பயம் துளியும் இல்லை. பயந்துபோய்ச் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் அது பொய். நான் நினைத்தது அந்த இடத்தைப் பற்றித்தான். இன்று கல்லடுக்கு வரும், நாளைக்கு அந்தப் பெண் பேரில் ஒரு பலகை வரும், அப்புறம் பலகைக்குப் பூ வைக்க ஆள் வரும். ஒரு சாவை வைத்துக்கொண்டு ஒரு வனாந்தரத்தையே பூங்கா ஆக்கிவிடுவார்கள். அதை யாராவது தடுக்க வேண்டாமா?

அந்த அப்பா வருவதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் ஒரு தடவை போய்விட்டு வருவோம், அங்கே வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று செப்டம்பரில் நான்தான் கூப்பிட்டேன். உடனே சரி என்றான். வண்டித்தடம் முடிகிற இடத்தில் வழக்கம்போலச் சட்டியை ஏற்றினான். ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய இறக்கம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது என்று அப்போது சொன்னேன்.

“அப்போ எது வழியா எறங்குறது?”

“காலையில நான் முன்னாடி போய்ப் பாக்கறேன். நீ வலிக்கிற முழங்காலை வெச்சுக்கிட்டு மெதுவா வா.”

“நீ எந்தப் பக்கம் எறங்கினேன்னு எனக்கு எப்படிடா தெரியும்?”

“ஒரு கல்லடுக்கு வெச்சுட்டுப் போறேன்.”

தணலைக் கிளறிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். “நீயா?”

“நான்தான்.”

கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. சட்டியில் முறுகலாகப் பிடித்திருக்கிற ஓரத்தை அவன் யாருக்கும் கொடுக்க மாட்டான், அவன் மனைவி ட்வைலாவுக்குக்கூடத் தர மாட்டான். அன்றைக்கு அதைச் சுரண்டி என் தட்டில் போட்டான். நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

பழைய இறக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. போய்ப் பாருங்கள், நன்றாகவே இருக்கிறது.

அதற்கு இடதுபக்கம், பாறை வளைந்து மறைகிற இடத்தில் ஒரு சறுக்கல் இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் ஏதோ சுலபமாக இறங்கிவிடலாம் போலத் தோன்றும். இரண்டு ஆள் உயரம், தண்ணீர் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று இருக்கும். சறுக்கிக்கொண்டு இறங்கலாம், ஏற முடியாது. அதற்கும் கீழே ஒரு அறை அளவுக்கு இடம். அதைத் தாண்டினால் கிடுகிடு பள்ளம். இரண்டு பக்கமும் சுவர். ஆகாயம் ஒரு கயிறு மாதிரி தெரிவதால் அவன் இடுப்பில் மாட்டியிருந்த, செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கிற அபாய அறிவிப்புக் கருவி அங்கே வேலை செய்யாது. இதெல்லாம் எனக்கு வருஷக்கணக்காகத் தெரியும்.

இந்த ஊரில் யாரும் எவனோ அடுக்கிய கல்லை முழுசாக நம்புவதில்லை. பிள்ளைகள் விளையாட்டுக்கு அடுக்குவார்கள், பெரியவர்கள் படம் எடுக்க அடுக்குவார்கள். அதனால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார்கள். ஆனால் வாழ்நாளில் ஒரு கல்லைக்கூட அடுக்காத ஒருவன் ஒரே ஒரு அடுக்கு வைத்தால், அதைச் சந்தேகப்பட்டு எட்டிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? ரூலனுக்குத் தோன்றாது என்று எனக்குத் தெரியும்.

சறுக்கலின் விளிம்பில் அடுக்கினேன். அழகாகவே வந்தது. அப்புறம் தள்ளிப்போய் ஒரு ஜூனிப்பர் மர நிழலில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிய பிறகு அவன் வந்தான். அடுக்கின் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினான். ஃபோனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்து ஏதோ பேசினான். என்ன பேசினான் என்பது எனக்குக் கேட்கவில்லை. பிறகு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்தில் பிள்ளைகள் போவது மாதிரி போய்விட்டான்.

அப்புறம் கூப்பிட்டான்.

“ஆரின்! வழி தப்புடா! மேலயும் வர முடியல, கீழயும் போக முடியல! கயித்தப் போடு!”

என் மூட்டையில் கயிறு இருந்தது. கயிறு இல்லாமல் நான் போவதில்லை. விளிம்பு வரைக்கும் போனேன். அந்த அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு தூக்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ரூலன் சத்தியம் செய்தால் மனம் மாறி உடைத்துவிடுகிற ஆள். பாவம், இளகிய மனசு. எட்டிப் பார்த்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் எட்டிப் பார்க்கவில்லை. கல்லடுக்கைப் பிரித்தேன். எந்தக் கல் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று நினைவு வைத்திருந்தேன். கறுத்த பக்கம் மேலே, வெளுத்த பக்கம் கீழே.

அப்புறம் பழைய இறக்கத்தில் இறங்கி ஊற்றுக்குப் போனேன். தண்ணீர் நிரப்பிக்கொண்டேன். பீன்ஸ் சுடவைத்தேன். சாயங்காலம் வரைக்கும் அவன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் சத்தம் போடக்கூடாது என்று எங்கள் இரண்டு பேருக்குள்ளும் ஒரு வழக்கம் உண்டு. அவன் கத்துகிற வரைக்கும் தவளைகள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் குரல் இளைத்திருந்தது. நான் கிளம்பிவிட்டேன்.

முழங்கால் வலிக்கிறது என்று அவன் வழியிலேயே திரும்பிவிட்டதாக ட்வைலாவிடம் சொன்னேன். அவள் என்னைச் சாப்பிடவைத்துத்தான் அனுப்பினாள். உங்களைக் கிழக்குப் பக்கம் தேடச் சொன்னதும் நான்தான். அங்கே கறுப்பு மண் குறைவு, மிதித்தாலும் அவ்வளவு சேதமில்லை.

அவன் உடம்பை நீங்கள் கண்டெடுக்கும்போது சட்டைப் பைக்குள் அந்த ஃபோனும் இருக்கும், அவன் பேசியது அதில் பதிவாகியிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. நீங்கள் போட்டுக்காட்டினீர்கள். முதலில் அடுக்கின் பக்கத்தில் நின்று இளித்துக்கொண்டு பேசுகிறான்.

“ட்வைலா, இதப் பாரு! நம்ம ஆரின் கல்லு அடுக்கியிருக்கான்! எனக்காக! மனுசன் மாறிட்டான்டி. அந்த அப்பாகிட்டயும் பேசிடுவான், பாரேன்.”

அடுத்தது கீழே சுவர்களுக்கு நடுவில் எடுத்தது, இருட்டாக இருந்தது. மூச்சு வாங்கியது. நடுவில் கல்லோடு கல் படுகிற சத்தம், டக், டக் என்று.

“ட்வைலா, கவலப்படாதே. மேல சத்தம் கேக்குது. ஆரின் வந்துட்டான். கல்லு எடுத்து வைக்கிறான்... நான் ஏறி வர்றதுக்குப் படி கட்டுறான் போல.”

கேட்டபோது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நல்லவேளை, நான் என்ன செய்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை.

நான்தான் செய்தேன், தம்பி. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஒன்று மட்டும் நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். மறுபடி அங்கே போகிறவர்கள் பார்த்துக் காலை வைக்கட்டும். ஒரு கல்கூட அங்கே இடம் மாறியிருக்காது. நான் எதையும் விட்டுவிட்டு வரவில்லை.