ஜெயரூபன் காருக்கு இரட்டைச் சைலன்சர்

ஒரு காருக்கு இரண்டு சைலன்சர் தேவையே இல்லை, ஐயா. புகை போக ஒன்றே தாராளம். இரண்டாவது, பார்க்கிறவர்களுக்காகவும் கேட்கிறவர்களுக்காகவும் வைப்பது. ஹல்துமுல்லை ரோட்டில் கராஜ் போட்ட நாளிலிருந்து பையன்களிடம் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருவனும் கேட்டதில்லை. ஜெயரூபனும் கேட்கவில்லை. நான் சொல்வதை நீங்கள் சிங்களத்தில் எழுத வேண்டியிருக்கிறது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன். எனக்கும் இனி அவசரம் ஒன்றுமில்லை.

அவன் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த டிவிசன் பையன். கொழும்பில் ஹோட்டலில் வேலை பார்த்து ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கி, லீவுக்கு ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் கார் வாங்கினால் அது சத்தமில்லாமல் வந்து நிற்கலாமா?

"அண்ணே, நான் வளைவு திரும்புறப்பவே எங்கம்மாவுக்குக் கேக்கணும்," என்றான்.

"கேக்க வச்சிருவோம் தம்பி," என்றேன்.

இருந்த ஒற்றைக் குழாயை நடுவில் வெட்டி, கவட்டை போல ஒரு துண்டை வைத்து ஒட்டி, இரண்டாவது குழாயை டயருக்கு மேலாக வளைத்து மறுபக்கம் கொண்டுவந்தேன். சத்தத்தை அடக்குகிற பெட்டி இரண்டையும் உள்ளே வெறுமையாக விட்டேன். ஸ்டார்ட் பண்ணி மிதித்ததும் கராஜ் தகரம் அதிர்ந்தது. கீச்சுக் குரல் இல்லை. தரைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு உறுமல். பையன் துள்ளிக் குதித்தான். நான் மட்டும் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டு நின்றேன். என் மனைவி சுபாஜினி எத்தனையோ தடவை எனக்குச் சொல்லிக் காட்டிய சத்தம் அதுதான்.

அவள் மண்சரிவில் பிழைத்தவள். அன்று காலை வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டில் பேர் கொடுக்கப் போய் நின்றதால் உயிர் தப்பினாள். அம்மாவும் தம்பியும் லயத்தோடு போய்விட்டார்கள். மண் வருவதற்கு முன் மலைக்குள் ஏதோ உறுமியது என்பாள். அதன் பிறகு லொறி கியர் மாற்றினாலும், இடி இடித்தாலும் அவளுக்கு மலை இறங்குவதுதான். "ஏங்க, எந்திரிங்க, மண்ணு வருதுங்க!" என்று என் கையைப் பிடித்து இழுப்பாள். நான் எழாவிட்டாலும் விடமாட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் வாரிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவாள். ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தவள் பாவாடையோடு ரோட்டுக்கு ஓடி வந்தாள்.

பக்கத்து வீட்டுப் பாக்கியலெட்சுமி அக்கா குழாயடியில் எல்லாருக்கும் கேட்க என்னிடம் கேட்டாள்: "என்னா சின்னராசா, இன்னிக்கு ஒம் பொண்டாட்டி ஓடலயா? அப்ப மழ இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, ஐயா. பெண்டாட்டியை அடிக்கிற ஆள் இல்லை நான். அடித்ததெல்லாம் அவள் ஓடிவிட்டுத் திரும்பி வந்த நாட்களில் மட்டும்தான். அடியால் அவளுக்குக் குணமாகவில்லை என்பதையும் நானே கண்டுபிடித்தேன். பயந்த பிள்ளையைத் தண்ணீரில் தள்ளித்தானே நீச்சல் பழக்குகிறோம். அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டு, மண் வரவில்லை என்பதைத் தினமும் பார்த்தால் அவளுக்குத் தெளிந்துவிடும் என்று தோன்றியது.

ஜெயரூபனிடம் சொன்னேன்: "எங்க வீட்டு ஆளு ஒன் காரப் பாக்கணும்னு ஆசப்படுது. அந்தியில போறப்ப வாசல்ல நிப்பாட்டி நல்லா மிதிச்சிட்டுப் போ."

அவனுக்குச் சந்தோசம். சுபாஜினியின் பயம் அவனுக்குத் தெரியாது.

முதல் நாள் நான் வீட்டிலேயே இருந்தேன். கார் உறுமியதும் அவள் அடுப்பை அப்படியே விட்டு என் கையைப் பிடித்தாள். நான் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "கேளு, நல்லா கேளு," என்றேன். அவள் என் தோளைக் கடித்துப் பிய்த்துக்கொண்டு வெறுங்காலோடு தேயிலைக்குள் ஓடினாள். மொத்த வரிசை வீடும் வெளியே வந்து பார்த்தது. நான் தேடிப்போய்த் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தேன். வழியெல்லாம் அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்க ஏன் வரல?" என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கதவை வெளியே பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். ஓட முடியாவிட்டால் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கீழே இறங்குகிற உயரமான கருங்கல் கட்டு, ஐயா. அதன் அடியில் மழைத்தண்ணீர் ஓடுகிற கல் கான். அவள் முதலில் கதவை உடைக்கப் பார்த்திருக்கிறாள். வாசலில் கார் உறுமிக்கொண்டு நின்றது, அந்தச் சத்தத்தில் உள்ளே தட்டுவது யாருக்குக் கேட்கும்? பிறகு பின் ஜன்னல் வழியாகக் குதித்திருக்கிறாள். எனக்குச் செய்தி வந்து நான் ஓடியபோது எல்லாரும் கீழே கானுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் முன்பக்கமாகப் போய்ப் பூட்டைத் திறந்தேன். அதற்குப் பிறகுதான் அவளைப் பார்க்க இறங்கினேன். தலை கல்லில் பட்டுப் பிளந்திருந்தது. பத்து விரல் நகமும் கிழிந்திருந்தது. கதவின் உட்பக்கமெல்லாம் ரத்தமும் கீறலுமாக இருந்தது, அதற்கு மேல் நானே பெயின்ட் அடித்தேன். சாவு வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள், கதவு அப்படி இருக்கலாமா? பயத்தில் பின்பக்கமாக ஓடி விழுந்துவிட்டாள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அதையே சொன்னேன்.

கருமாதி முடிந்ததும் ஜெயரூபன் காரோடு கராஜுக்கு வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"பழையபடி ஒத்தையாவே மாத்திருங்கண்ணே. இந்தச் சத்தத்த என்னால கேக்க முடியல."

காரை ஜாக்கில் தூக்கி வேலையைத் தொடங்கினேன். வெட்டி விழுந்த குழாயை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் குந்தியிருந்தான். மழை பெய்துகொண்டிருந்தது.

"அண்ணே," என்றான், "அன்னிக்கு வெளிய பூட்டு தொங்குச்சே. வீட்ல ஆளில்லயோன்னு நெனச்சேன். இருந்தாலும் நீங்க சொன்னீங்களேன்னுதான் மிதிச்சேன். அக்கா எப்பிடிண்ணே உள்ள இருந்தாங்க?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்டான். இன்றைக்கு என்னிடம் கேட்டவன் நாளைக்குக் குழாயடியில் கேட்பான். அதை நான் யோசித்தேன்.

"அந்தக் குழாய இப்பிடிக் குடு தம்பி," என்றேன். அவனே எடுத்துக் கொடுத்தான்.

முதல் அடி தோளில் பட்டது. அவன் "அண்ணே" என்று மட்டும் சொன்னான். அடுத்தது நெற்றியில் சரியாக விழுந்தது. குழாய் மெல்லிய தகரம், சீக்கிரம் நெளிந்துவிட்டது. என் ஒட்டு மட்டும் விடவில்லை, நீங்களே எடுத்துப் பாருங்கள். பிறகு ஜாக்கின் கம்பியை எடுத்தேன். அவன் காருக்கு அடியில் நுழையப் பார்த்தான். காலைப் பிடித்து இழுத்துப்போட்டு, முகம் அடையாளம் தெரியாமல் போகும்வரை அடித்தேன். கோபத்தில் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுத வேண்டாம், ஐயா. எனக்குக் கோபமே இல்லை. பிறகு கை கழுவிவிட்டு வெல்டிங் காஸை மூடினேன். அவனுடைய அப்பா தேடிக்கொண்டு வந்தபோது பீப்பாயில் உட்கார்ந்திருந்தேன்.

என் பக்கம் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒன்று இருக்கிறது. நான் வெல்டிங்காரன். அந்தப் பின் ஜன்னலுக்கு அன்றைக்கே நாலு கம்பி அடித்திருக்க வேண்டும்.