எம்.டி. வில்சன் பேசறனுங்க

– எத்தன பேரு வேல செய்யறாங்கன்னு சொன்னீங்கப்பா?

– நானூறுன்னேன்.

– நானூறா.

– நாப்பதுன்னுதான் கண்ணு மொதல்ல வாய்க்கு வந்துது. எம்.டி.ன்னு போட்டுப்போட்டு நாப்பது பேருன்னா கம்பெனிக்கு என்ன மருவாதி? ஒரு சைபர் எச்சாப் போட்டேன். ஆளுகளக் கூட்டியார நாலு பஸ்ஸு. ரெண்டு கேன்டீனு. வெள்ளிக்கெழமையானா பணியாரம்.

– அப்பா, அந்த நம்பருக்கு ஆராச்சும் போன் பண்ணுனா, 'எம்.டி. வில்சன் பேசறனுங்க, லின்சி எங்களுக்கு நல்லா வெப்சைட் செஞ்சு குடுத்தாங்க, சொன்ன தேதிக்கு முடிச்சாங்க'ன்னு ரெண்டே ரெண்டு வரி. துண்டுச்சீட்டுல எழுதியே குடுத்தேனே.

– சீட்டு இருந்துது, கண்ணாடி இல்ல. அதுவுமில்லாம அந்தம்மா அவிநாசியில இருந்து மெனக்கெட்டுக் கூப்புடறாங்க, ரெண்டு வரியில வெச்சா நல்லாவா இருக்கும்? யுவஸ்ரீன்னு பேரு. கொழந்தத் துணி தெச்சு விக்கறாங்களாமா. ஆன்லைன்ல கடை போடோணும், ஆளு தேடறாங்க. உன்ற ரெஸ்யூமுல கீழ ரெஃபரன்ஸுன்னு என்ற நம்பரு இருந்துதாம்.

– வெப்சைட்டப் பத்தி என்ன சொன்னீங்க?

– தீவாளிக்கு ஒரே நாள்ல லட்சம் பேரு உள்ள பூந்து வெப்சைட்டே மூச்சுத் தெணறிப்போச்சுங்க, லின்சி மேடம் ஒத்தையாளா நின்னு கதவ அகலப்படுத்தி உட்டாங்கன்னேன்.

– வெப்சைட்டுக்குக் கதவு இல்லீங்கப்பா.

– அந்தம்மாளும் அதையேதான் கேட்டாங்க. எங்க கம்பெனிதுக்கு இருக்குதுங்கன்னுட்டேன்.

– மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெக்கறதுன்னு தெரியலீங்கப்பா.

– ஏஞ்சாமி, கெடுத்துப்போட்டனா?

– நீங்க என்ன பண்ணுவீங்க. கெடுத்தது நானு. கோர்ஸ் முடிச்சு எட்டு மாசமாச்சு. போற எடத்துலயெல்லாம் 'இதுக்கு முன்ன செஞ்சதக் காட்டுங்க'ங்கறாங்க. காட்டறதுக்கு மொதல்ல ஆராச்சும் வேல குடுக்கோணுமல்லோ? அதுதான் இல்லாத கம்பெனி அஞ்ச நானே உண்டாக்கி, அஞ்சுக்கும் வெப்சைட் செஞ்சேன். அதோட நிறுத்தியிருக்கலாம். பழகறதுக்குச் செஞ்சதுன்னு எழுதியிருந்தா ஒண்ணுமில்ல. போர்ட்ஃபோலியோ கெத்தா தெரியோணும்னு, அஞ்சு மொதலாளிக என்னையப் பாராட்டுனாப்புல நானே எழுதிப் போட்டேன்.

– எழுத்து உன்றது. மொதலாளிக மூஞ்சி மட்டும் நம்ம ஒரம்பரை, சொந்தக்காரங்க மூஞ்சி.

– ஜேக் மாமன் கல்யாண ஆல்பந்தான் கைக்கு அகப்பட்டுது.

– உங்க ரூத் சித்தி ஈரோட்டுல மஞ்ச மண்டி ஓனரு. சாமுவேல் பெரியப்பன் பொள்ளாச்சியில பல்டாக்டரு. எங்கண்ணனுக்கு வாயில மிச்சம் இருக்கறதே மூணு பல்லு கண்ணு.

– வாய மூடியிருக்கற படமாப் பாத்துத்தான் போட்டேன்.

– என்ற படம், நான் மாப்பிள்ள கோட்ட இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு நின்னது. பொத்தான் பூட்டாம வயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அதப் பாத்து எம்.டி.ன்னா ஊரே நம்பும். பூவுதான் காட்டிக் குடுத்துப்போட்டுது.

– எந்தப் பூவுங்கப்பா?

– 'ஏனுங் சார், ஈரோட்டு மண்டி, பொள்ளாச்சி பல்லாஸ்பத்திரி, உங்க கம்பெனி, எல்லாருக்கும் பொறத்தால அதே ரோசாப்பூ வளைவு நிக்குதுங்களே'ன்னாங்க.

– மேடையில எழுதியிருந்த பேர அழிச்சேன். பூவ மறந்துபோட்டேன். அதுக்கு என்ன சொன்னீங்க?

– தொழிலதிபருக மாநாடுங்கன்னேன். கோயமுத்தூருல மூணு நாள் நடந்துது, வெளியில ஆயிரம் காரு நின்னுது, எடமில்லாம நாலு பேரு காரத் திருப்பூருல நிறுத்திப்போட்டு நடந்து வந்தாங்கன்னேன்.

– நம்பரக் குடுங்கப்பா.

– எதுக்கு?

– கூப்புட்டுச் சொல்லிப்போடறேன். பாராட்டு அஞ்சும் பொய்யி, கம்பெனி அஞ்சும் பொய்யி, என்ற கையால செஞ்ச வெப்சைட்டு மட்டுந்தான் நெசம்னு. வேல போனாப் போவுது. இப்புடி ஒரு பேரோட எத்தன நாளைக்கு வேல தேடறது?

– சித்தே பொறு. வேல உனக்குத்தான்னுட்டாங்க.

– என்னங்கப்பா சொல்றீங்க?

– 'கம்பெனி இருக்குதோ இல்லியோ எனக்கு அது வேண்டாமுங்க. அந்த அஞ்சு வெப்சைட்டையும் அரை நாளு தட்டித் தட்டிப் பாத்தேன், ஒரு எடத்துல நிக்கல, சுத்தமா ஓடுது. திங்கக்கெழம வரச் சொல்லுங்க. வரும்போது அந்தப் பாராட்டயெல்லாம் அழிச்சுப்போட்டு வரச் சொல்லுங்க'ன்னாங்க.

– அப்ப நீங்க சொன்னதுல ஒண்ணையும் நம்பல.

– ஒண்ணையும் நம்பல. பணியாரத்துக்கு மட்டும் சிரிச்சாங்க.

– வேல கெடச்சிருக்குது, அதப் போயிக் கடைசீல சொல்றீங்க. நான் உள்ள வந்ததுல இருந்து பாக்கறேன், செவுத்தயே பாத்துக்கிட்டுப் பேசறீங்க. என்ன ஆச்சுங்கப்பா?

– ஒண்ணுமில்ல கண்ணு.

– அப்பா.

– போன வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டாங்க. அவங்க ஆரு புள்ளைன்னு தெரியுமா? எங்க ஆறுச்சாமி மொதலாளி புள்ள. நான் முப்பத்தோரு வருசம் கேட்டுல நின்னனே, அந்த நூல் மில்லு.

– குரல அடையாளம் கண்டுட்டாங்களா?

– 'எங்கப்பா சாகறவரைக்கும் ஒரு வாச்மேனப் பத்தியே சொல்லிக்கிட்டு இருப்பாருங்க. மொதலாளியாவே இருந்தாலும் நோட்டுல கையெழுத்துப் போடாம உள்ள உடமாட்டாராம். வேடிக்கைக்கு வேணா ஆயிரம் அளப்பாராம், மில்லுக் காரியத்துல ஒரு சொல்லு பொய் வராதாம். ஏசுவடியான்னு பேருங்க. உங்க பேச்சு அவராட்டவே இருக்குது. அவரு நீங்களா இருந்தா நான் ஒருக்கா ஊட்டுக்கு வந்து பாக்கோணும், எங்கப்பா சொல்லச் சொன்னது ஒண்ணு இருக்குது'ன்னாங்க.

– நீங்க என்னங்கப்பா சொன்னீங்க?

– ஏசுவடியான்னு எனக்கு ஆரையும் தெரியாதுங்கன்னு சொல்லிப்போட்டேன் கண்ணு.