எல்லோரிடமும் ஒரே சொல் சொன்ன அக்காவுக்கு

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவரே! எங்கள் பரிசோதனை மையத்தின் மூன்றாம் அறையில் இருபத்தாறு ஆண்டுகள் நின்றே தேய்ந்த கால்களுக்கும், நடுங்கி வந்த தோள்களை நடுங்காமல் தொட்ட கைகளுக்கும் உரியவரே! அச்சத்தோடு உள்ளே வந்தவர்களை அவமானம் இல்லாமல் வெளியே அனுப்பி வைத்தவரே! மார்பகப் படம் எடுக்கும் பணியிலிருந்து இன்று நிறைவோடு விடைபெறும் எங்கள் அக்கா அவர்களே! உங்களோடு உழைத்தும், உங்கள் டப்பாவிலிருந்து எடுத்து உண்டும், உங்களிடம் திட்டு வாங்கியும் வளர்ந்த நாங்கள் நன்றியோடு வாசித்தளிக்கும் மடல் இது.

இதற்கு முன் ஒரு மடல் எழுதினோம். அதில் நீங்கள் கருணைக் கடலாகவும் கடமையின் சிகரமாகவும் இருந்தீர்கள். முன்மேசையில் இருக்கும் நம் டோக்கன் அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். வருகிறவர்களுக்கு எண் கொடுப்பதும், திரும்ப வர வேண்டியவர்களுக்குப் போன் செய்வதும் அவர் வேலை. டோக்கன் என்ற பெயரும் நீங்கள் வைத்ததுதான். "கடல், சிகரம்னு எழுதினா அக்கா சிரிச்சுருவாங்க. என் விஷயத்தை எழுதுங்க. நானே சொல்றேன்" என்றார். எனவே பின்வருவது அவர் சொல்லி, அவர் சம்மதத்தோடு எழுதியது.

பொறுமையின் இருப்பிடமே! அந்த மூன்றாம் அறையை நாங்கள் அறிவோம். சன்னல் இல்லாத அறை. கதவுக்குப் பின்னால் உடுப்பு மாட்ட இரண்டு கொக்கிகள், பைக்கு ஒரு நாற்காலி, நடுவே ஆளுயர எந்திரம். அங்கே வந்த பெண்களில் இரண்டு பேர் ஒரே மாதிரி இருந்ததில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டவர் உண்டு. மேல்சட்டையைக் கழற்றிய நொடியிலிருந்து படம் முடியும்வரை தன் நாத்தனாரைப் பற்றியே பேசித் தீர்த்தவர் உண்டு. கணவர் வெளியே கடிகாரம் பார்த்தபடி நிற்பதை எண்ணி மூச்சுவிடவும் கூச்சப்பட்டவர் உண்டு. வலிக்குமா என்று கேட்காதவரே இல்லை. வலிக்காது என்று நீங்கள் ஒருவரிடமும் சொன்னதில்லை. வலிக்கும், அழுத்தினால்தான் படம் தெளிவாக விழும், பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடுவேன், தாங்கவில்லை என்றால் சொல்லுங்கள் நிறுத்திவிடுகிறேன் என்பீர்கள். நிறுத்தச் சொன்னவர்கள் மிகக் குறைவு. நிறுத்தலாம் என்று தெரிந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மார்பிலும் அக்குளிலும் பவுடர் பூசியிருந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து குழப்பும் என்பதால் ஈரத்துணியோடு நிற்பீர்கள். அப்படி ஒருநாள் கழுத்திலிருந்து இடுப்புவரை வெள்ளை அடித்ததுபோல் வந்து நின்றார் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை. போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்று மருமகள் சொன்னாளாம். "முகத்துல இருக்கட்டும் டீச்சர், அது படத்துல வராது. மத்ததைத் துடைச்சுருவோம்" என்றீர்கள். அவர் சிரித்த சிரிப்பு முன்மேசை வரை கேட்டது. அதற்குப் பிறகு ஆண்டு தவறாமல் வந்தார், பவுடர் இல்லாமல்.

சொல்லில் சிக்கனம் காத்தவரே! படம் எடுத்து முடிந்ததும் எல்லாப் பெண்களும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். திரையில் விழுந்ததை முதலில் காண்பவர் நீங்கள். அதைப் படித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டரம்மா. நடுவில் இருக்கும் நாட்களைக் கடக்க அவர்களுக்குக் கையில் ஏதாவது வேண்டும். உங்கள் புருவம் அசைந்ததா, குரல் தணிந்ததா, கதவை மெல்லச் சாத்தினீர்களா என்று எதையாவது பொறுக்கி எடுத்துப் போவார்கள்.

பணிக்கு வந்த புதிதில் ஒரு தையற்காரப் பெண்ணுக்கு நீங்கள் ஒரு புன்னகை கொடுத்தீர்கள். ஒன்றும் இருக்காது, நிம்மதியாகப் போங்கள் என்று இரக்கத்தில் சொல்லியும்விட்டீர்கள். பத்து நாள் கழித்து டாக்டரம்மா அவரைத் திரும்ப அழைத்தார். அந்தப் பெண் டாக்டரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் அறை வாசலில் வந்து நின்று, "நீங்க சிரிச்சீங்களே" என்று மட்டும் உங்களிடம் கேட்டார். பிறகு அவர் வேறிடத்தில் சிகிச்சை பெற்றார் என்பதற்கு மேல் நமக்குத் தெரியாது. இதை மறைக்காமல் எங்களுக்குச் சொன்னவர் நீங்கள். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சொன்னீர்கள்.

அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே சொல். "முடிஞ்சுது. மெதுவா உடுத்திக்கிட்டு வாங்க. டாக்டர் பார்த்துட்டுச் சொல்லுவாங்க." அவ்வளவுதான். பணக்காரிக்கும் அதுதான், பாத்திரம் தேய்க்கிறவருக்கும் அதுதான். வெளி நாற்காலிகளில் பெண்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வதை டோக்கன் கேட்டிருக்கிறார். உங்ககிட்ட என்ன சொன்னாங்க என்று ஒருவர் கேட்க, மற்றவர் அதே மூன்று வாக்கியத்தை ஒப்பிப்பார். பிறகு இருவரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

இனி டோக்கனின் விஷயம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவருக்கு வயது நாற்பத்தேழு. நாள் தவறாமல் மற்ற பெண்களைப் பரிசோதனைக்கு வரச்சொல்லிப் போன் செய்கிறவர், தன் முறையை மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனார். கேட்டவர்களிடம் மகளின் பரீட்சையைக் காரணம் காட்டினார். பரீட்சை முடிந்து மகள் வேலைக்கே போய்விட்ட பிறகும் அதே காரணம் ஓடியது. உண்மையில் அவருக்கு நோய்ப் பயத்தைவிடக் கூச்சமே பெரிதாக இருந்தது. தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் முன்னால் எப்படி மேல்சட்டையைக் கழற்றுவது, மறுநாள் எந்த முகத்தோடு ஊறுகாய் கேட்பது என்று நினைத்தார். அந்நியரிடம் போயிருப்பேன், அக்காவிடம்தான் முடியவில்லை என்கிறார்.

ஒரு வியாழக்கிழமை கடைசி முறையில் அவர் பெயரை நீங்களே எழுதிவைத்தீர்கள். தப்பிக்க வழியில்லாமல் வந்தார். கதவைச் சாத்தினீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவரை வா, போ என்று அழைத்த நீங்கள், அறைக்குள் வாங்க, நில்லுங்க என்றீர்கள். அவர் தோளைத் திருப்பி, தாடையை உயர்த்தி, கையை எந்திரத்தின் பிடியில் வைத்து, எந்தப் பெண்ணுக்கும் செய்வது போலச் செய்தீர்கள். கூச்சம் இரண்டாவது படத்திலேயே போய்விட்டதாம். நான்காவது படம் முடிந்தது. டோக்கனும் உங்கள் முகத்தைப் பார்த்தார். தனக்கு அதிலிருந்து ஏதாவது கிடைக்கும் என்று உறுதியாக நம்பித்தான் பார்த்தார். நீங்கள் சொன்னது அதே மூன்று வாக்கியம்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்கு மனம் பொருமியது. எத்தனை மதியம், எத்தனை ரகசியம், வீட்டுக்காரரோடு சண்டை போட்டு வந்த நாளில் யார் தோளில் சாய்ந்தோம், அந்த அக்காவுக்கு நானும் வரிசையில் ஒரு எண்தானா என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் வேலை அதிகம் என்று சொல்லித் தன் மேசையிலேயே சாப்பிட்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. டாக்டரம்மா அந்த வாரம் விடுப்பில் இருந்ததால் முடிவு தாமதமாயிற்று. ஆறாம் நாள் சாப்பாட்டறை வாசலில் நின்று, நாங்கள் எல்லோரும் இருக்கும்போதே, "அக்காவுக்கு எல்லாரும் ஒண்ணுதான். நானும் ஒரு டோக்கன்தான், பேருக்கேத்த மாதிரி" என்றார். நாங்கள் சிரிப்பதா வேண்டாமா என்று விழித்தோம். நீங்கள் சோற்றைப் பிசைந்தபடியே, "ஆமா" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்கு உங்கள்மேல் எங்களுக்கும் வருத்தம் வந்தது. இன்று அதைச் சொல்லிவிடுகிறோம்.

ஒன்பதாம் நாள் மாலை. திரும்ப வர வேண்டியவர்களின் பட்டியல் வழக்கமாக நான்கு மணிக்கு டாக்டரம்மா அறையிலிருந்து டோக்கன் மேசைக்கு வரும். அன்று அதை எடுத்துக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மேசைக்கு முன்னால் நிற்காமல், உள்பக்கம் சுற்றி வந்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தீர்கள்.

"நாலு பேர் இருக்காங்க. அதுல நீயும் ஒருத்தி. நாளைக்குக் காலைல எட்டரைக்கு இன்னொரு படம், அப்புறம் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பாங்க. நான் கூட நிக்கிறேன்."

டோக்கன் பட்டியலை வாங்கினார். தன் பெயர் மூன்றாவதாக இருந்தது. அழவில்லை. மற்ற மூவருக்கும் போன் செய்ய வேண்டும், ஐந்து மணிக்குள் செய்தால்தான் அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல இங்கே ஆள் இருக்கும் என்ற நினைப்பே முதலில் வந்ததாம். போனை எடுத்தார். வணக்கம் சொன்னார். இன்னும் ஒரு படம் எடுக்க வேண்டியிருக்கிறது, பலருக்கு இப்படி எடுப்பதுண்டு, எந்த நேரம் தோதுப்படும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். மூன்றாவது பெண் எதிர்முனையில், பயப்படும்படியாக ஏதாவதா, உங்கள் குரலே ஒரு மாதிரி இருக்கிறதே என்றார். இல்லம்மா, நான் எல்லாருக்கும் இப்படித்தான் பேசுவேன் என்றார் டோக்கன். அவர் கோபம் எப்போது போனது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் சொல்கிறார்.

நோய் இருந்தது. கைக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சிறியது. பிறகு நடந்ததெல்லாம் நம் மையத்தில் பலர் அறிந்த பாதைதான்: அறுவை சிகிச்சை, கதிர் சிகிச்சை, ஓர் ஆண்டு அலுப்பு, வருடாவருடம் படம். இந்த ஆண்டுப் படமும் சுத்தம். இன்று காலைகூட இந்த விழாவுக்கு வந்தவர்களுக்குப் பழக்கதோஷத்தில் எண் கொடுக்கப் பார்த்தார்.

சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் மதியம் அவர் தன் டப்பாவை உங்கள் எதிரே வைத்துத் திறந்தார். அன்று நடந்த பேச்சை அவர் சொன்னபடியே தருகிறோம்.

"அக்கா, அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"பார்த்தேன். தெரியாது."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல. பார்த்தது நான். என்னன்னு தெரிஞ்சது டாக்டருக்கு, அதுவும் ஊசி போட்ட அப்புறம். நான் பார்த்ததை உன் தலையில கட்டி அனுப்பியிருந்தா ஒன்பது நாளும் நீ அதைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருப்ப."

"நான் உங்களைத் திட்டிக்கிட்டே நல்லாத் தூங்கினேன்க்கா."

"தூங்கினியா? நல்லது" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, "நான் தூங்கலை" என்றீர்கள்.

மனத்திண்மை மிக்கவரே! அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல். அந்த ஒன்பது நாட்களும் நாங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். காலை எட்டரைக்கு வந்தீர்கள், எந்திரத்தைத் துடைத்தீர்கள், நாளுக்கு இருபது பெண்களுக்குப் படம் எடுத்தீர்கள். டோக்கன் படத்தை டாக்டரம்மா பார்க்க வேண்டிய வரிசையில் முன்னே நகர்த்தி வைத்தீர்கள், சந்தேகம் வந்த எந்தப் படத்துக்கும் செய்வது போலவே. எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தோழி பேசாமல் போனதையும் பொறுத்தீர்கள். அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடாமல் போனது உங்களுக்கு ஒரு விதத்தில் உதவியாகக்கூட இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. எண்ணிப் பார்த்தோம். டோக்கன் ஒருவர். இருபத்தாறு ஆண்டுகளில் இப்படி எத்தனை பெண்கள், எத்தனை ஒன்பது நாட்கள்? அவர்கள் நிம்மதியாகப் பேருந்து ஏறிப் போன பிறகு, அவர்களுக்காக நீங்கள் தனியே சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோனது எவ்வளவு? நீங்கள் எங்களோடு பேருந்தில் பேசாமல் வந்த நாட்களை நாங்கள் தலைவலி என்று நினைத்தோம். தைலம் வேண்டுமா என்று கேட்டோம். எங்கள் அறியாமையைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

நன்றிக்குரியவரே! இந்த ஊர்ப் பெண்கள் பலர் உங்கள் பெயர் அறியாமல் உங்களை வாழ்த்துகிறார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்து வீடு திரும்பியவர்கள் வாழ்த்துகிறார்கள். ஏதோ இருந்து, அது சிறிதாக இருக்கும்போதே பிடிபட்டு, இன்று நம்மோடு இருப்பவர்கள் வாழ்த்துகிறார்கள். அவர்கள் சார்பிலும் எங்கள் சார்பிலும் வேண்டிக்கொள்வது இதுதான்: நின்று உழைத்த கால்கள் இனி நீட்டி உட்காரட்டும். உடலும் உள்ளமும் நலமாய், உற்றாரும் மற்றோரும் அருகாய், நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். இரவு முழுதும் தூங்க வேண்டும்.

முகத்தைக் காத்துக்கொள்ளும் வேலை இன்றோடு முடிந்தது அக்கா. இந்த அரங்கில் சிரிக்கத் தோன்றினால் சிரியுங்கள். அழத் தோன்றினால் அழுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத் தன் கதியைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் இங்கே ஒருவரும் இல்லை.

என்றும் உங்கள் அன்பில்,
டாக்டரம்மா முதல் துப்புரவுப் பணியாளர் வரை
மையத்தின் பணியாளர்கள் அனைவரும்,
அவர்களோடு டோக்கன்