இருபது கல்லுக்குப் பதினெட்டு

1943-ம் வருடம் ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, யாரும் அழைக்காமல் தானாகவே கோர்ட்டுக்கு வந்து ஆஜரான சாட்சி, மாஜிஸ்திரேட்டு அவர்கள் முன்னிலையில் சொல்ல எழுதியது.

என் பெயர் மாதையன். தகப்பனார் பெயர் பச்சியப்பன். வயது 34. மொரப்பூர் ரயிலடியில் குடியிருக்கிறேன். தர்மபுரி நஞ்சப்பன் அவர்களின் லாரிக்கு ஆறு வருடமாக டிரைவர். எழுதப் படிக்கத் தெரியும். சென்ற ஜூலை 19-ந் தேதி ஏரியூர் ராமக்காள் பேரில் பெட்ரோல் திருட்டு விஷயமாகப் போலீசாரிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் சொன்னது தவறு, சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய தவறு. இப்போது சொல்வதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை.

வாரம் மூன்று நடை ஏரியூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புளியும் நிலக்கடலையும் ஏற்றிப் பென்னாகரம், தர்மபுரி வழியாக மொரப்பூர் ரயிலுக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பது என் வேலை. போகவர ஏறக்குறைய நூறு மைல் ஆகும். மூட்டை ஏற்றும் ஊர் நடைக்கு நடை மாறுவதால் தூரமும் கொஞ்சம் கூடும், குறையும். பகல் பன்னிரண்டு மணிக்கு ஏரியூரில் ராமக்காளின் சாப்பாட்டுக் கடை எதிரில் லாரியை நிறுத்துவேன். அவர் புருஷன் இல்லாதவர், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும், தனியாகக் கடை நடத்துகிறார். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அங்கே களி சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் படுத்துத் தூங்குவேன். அது வரையில் லாரியைப் பார்த்துக்கொள்வது அவர் தாமாக ஏற்றுக்கொண்ட வேலை, அதற்குக் கூலி கேட்டதில்லை.

இந்த வருடம் மாசி மாதத்தில் லாரியின் டயர்கள் தேய்ந்து போயின. யுத்த காலமானதால் அந்த அளவில் வேறு டயர் கிடைக்கவில்லை. முதலாளி எங்கேயோ பிடித்து மிலிட்டரி லாரிக்கான பெரிய டயர்கள் ஆறு வாங்கி வந்தார். அவை மாட்டினால் பாடியில் உரசும். அதனால் சேலத்தில் லாரி ரிப்பேர் செய்யும் பிட்டர் சவுரியப்பனிடம் விட்டு, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து, ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டையும் போட்டு லாரியை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தூக்கினோம். ஓடைக் கல்லில் அடி தட்டுவதும் அதோடு நின்றது.

லாரியை எடுக்கும்போது சவுரியப்பன் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். பெரிய டயருக்கு ஏற்றபடி பின் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடியையும் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் மேட்டில் டாப் கியர் இழுக்காது, கீழ் கியரிலேயே உறுமிக்கொண்டு பெட்ரோலைக் குடிக்கும் என்பது ஒன்று. இரண்டாவதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன். "மாதையா, சக்கரம் இப்ப ஒரு சுத்துக்கு முன்னயவிட அதிக தூரம் போவும். மீட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கையே காட்டும். நீ பத்துக்கு ஒண்ணு கூட்டி எழுது."

சரி சரி என்று தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை. அந்த உயரத்தில் உட்கார்ந்து ஓட்டும் பெருமையில் இருந்தேன். பென்னாகரம் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அண்ணாந்து பார்த்துப் பேசினார்கள். கிரவுன் பினியன் யுத்தம் முடிந்துதான் கிடைக்கும் என்று முதலாளி விட்டுவிட்டார்.

அதன் பிறகு பெட்ரோல் செலவு ஏறியது. பெட்ரோல் ரேஷன் கூப்பனுக்குத்தான் கிடைக்கும், கூப்பன் தீர்ந்தால் லாரி நிற்கும். முன்பு காலனுக்குப் பத்து மைல் ஓடிய லாரி, மீட்டரைப் பார்த்து நான் நோட்டில் எழுதியபடி ஏழரை மைல்தான் ஓடியது. முதலாளி கனத்த சரீரம், முழங்கால் வலி உள்ளவர். லாரியை உயர்த்திய பின் அவரால் மேலே ஏறி மீட்டரைப் பார்க்க முடியாது, என் நோட்டைத்தான் பார்ப்பார். ஜூலை 5-ந் தேதி நோட்டைத் தூக்கி என் முன்னால் போட்டு, ஒன்று நீ விற்கிறாய், இல்லை நீ தூங்கும்போது எவனோ டாங்கியில் குழாய் போட்டு உறிஞ்சுகிறான், எது என்று சொல் என்றார். நான் விற்கவில்லை. பயத்தில், பகலில் ஏரியூரில்தான் தூங்குவேன் என்று சொன்னேன். ஏரியூரில் யார் பக்கத்தில் இருப்பது என்று கேட்டார். ராமக்காள் பெயரைச் சொன்னேன். சவுரியப்பன் சொன்னது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. இது சத்தியம்.

முதலாளி கொடுத்த பிராதின் பேரில் ஜூலை 19-ந் தேதி போலீசார் ராமக்காள் வீட்டைச் சோதனை போட்டபோது நானும் வாசலில் நின்றேன். உள்ளே இரண்டு காலன் பெட்ரோல் டின் ஒன்று இருந்தது. அதிலிருந்த கேழ்வரகு மாவை முறத்தில் கொட்டிவிட்டு டின்னை வெளியே கொண்டுவந்து, இது உங்கள் லாரி டின்தானா என்று என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னேன். போன வருடம் அவருடைய மாவுப் பானை உடைந்தபோது, காலி டின் ஒன்று சும்மா கிடக்கிறது, வைத்துக்கொள் அக்கா என்று நானே கொடுத்தது அது. அவர் சாம்பல் போட்டுத் தேய்த்து, வாசனை போகப் பத்து நாள் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். கொடுத்தது நான் என்று சொன்னால் பழி என் பக்கம் திரும்புமோ என்று வாயை மூடிக்கொண்டேன். அவரும் என் முகத்தைப் பார்த்தார், டின்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கடையில் நான் தூங்கும்போதுதான் பெட்ரோல் குறைகிறது என்று வாக்குமூலம் கொடுத்தேன். அன்று மாலை பஸ்ஸில் அவரைக் கூட்டிப் போனார்கள்.

ஜூலை 21-ந் தேதி ஏரியூர் நடை போனேன். கடை பூட்டியிருந்ததால் அங்கே நிறுத்தவில்லை, தூங்கவும் இல்லை, வழி நெடுக லாரியை விட்டு இறங்கவும் இல்லை. மொரப்பூர் திரும்பி டாங்கியில் குச்சியை விட்டு அளந்தேன். முன்பு போலவே பன்னிரண்டு காலன் செலவாகியிருந்தது. அப்போதுதான் சவுரியப்பன் சொன்னது நினைவுக்கு வந்தது. அடுத்த நடையில் பென்னாகரத்திலிருந்து தர்மபுரிப் பக்கம் வரும்போது ரோட்டோரத்து மைல் கல்லை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன். இருபது கல் தாண்டும்போது மீட்டர் பதினெட்டு மைல் காட்டியது. ஓடிய தூரத்தில் பத்தில் ஒரு பங்கு என் நோட்டில் ஏறவே இல்லை. அதற்கு மேல் செலவானதை டயரின் பாரமும், கீழ் கியரில் மேடு ஏறியதும், உயர்த்திய பாடியில் எதிர்க்காற்று மோதியதும் குடித்தன. ஒரு சொட்டுப் பெட்ரோலையும் யாரும் எடுக்கவில்லை.

இதை அன்றே வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மீட்டர் பார்க்கத் தெரியாத டிரைவர் என்று ஸ்டாண்டில் சிரிப்பார்களே, முதலாளி லாரியை வேறு ஒருவன் கையில் கொடுத்துவிடுவாரே என்று நினைத்தேன். இந்த அற்பக் காரணத்தைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை. அதோடும் நிற்கவில்லை. ராமக்காள் காவலில் இருக்கும்போதும் பெட்ரோல் அதே கணக்கில் செலவானால் முதலாளி என்னைத்தான் பிடிப்பார் என்று பயந்து, நடை ஒன்றுக்கு மீட்டர் காட்டியதற்கு மேல் முப்பது மைல் கூட்டி எழுதினேன். பத்துக்கு ஒன்று கூட்டி எழுது என்று ஒரு மனுஷன் யோக்கியமாகச் சொன்னபோது கூட்டவில்லை, இதற்குக் கூட்டினேன். நோட்டில் மறுபடியும் காலனுக்குப் பத்து மைல் வந்தது. முதலாளி நோட்டைப் பார்த்துவிட்டு, "திருடி உள்ள போனா, பெட்ரோல் சரியாப் போச்சு பாத்தியா" என்று என் முதுகில் தட்டினார். அந்த நோட்டைத்தான் கோர்ட்டில் சாட்சியமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஜூலை 21 முதல் அதில் உள்ள மைல் கணக்கு முழுதும் பொய். நான் எழுதியது.

அதன் பிறகு ஆகஸ்டு 6-ந் தேதி வெள்ளிக்கிழமை இதே கோர்ட்டில் விசாரணை நடந்தது. நான் சாட்சிகள் நிற்கும் இடத்தில் நின்றேன். டிரைவர் உன் பேரில் பொய் சொல்கிறாரா என்று ராமக்காளைக் கேட்டார்கள். இல்லை என்று அவர் சொன்னால் அவருக்குக் கேடு, ஆமாம் என்று சொன்னால் எனக்குக் கேடு. ஆமாம் என்று சொல்லிவிடட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அவர் சொன்னது இது: "டிரைவர் தம்பி பொய் சொல்றவரு இல்லீங்க. அவரு சொன்னா எண்ணெ போயிருக்குமுங்க. நான் எடுக்கலீங்க. அடுப்பு ஊதறப்போ முதுவு காட்டிக்கிட்டு இருந்திருப்பேன், அப்ப எவனோ எடுத்திருக்கான். நம்பி விட்டுட்டுத் தூங்குனாரு, நான் சரியாப் பாக்கலீங்க."

கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டதாக அதை எழுதிக்கொண்டார்கள். அவர் இறங்கிப் போகும்போது என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

லாரி இப்போது கோர்ட்டு வாசலில் நிற்கிறது. யாரையாவது ஏற்றி அனுப்பி மைல் கல்லையும் மீட்டரையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். சவுரியப்பனையும் விசாரிக்கலாம். பொய்க் கணக்கு எழுதியதற்கும், டின் விஷயத்தை மறைத்ததற்கும் என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. இன்னும் ஒன்று எழுதிக்கொள்ளும்படி கேட்டேன், எழுதுகிறார்கள். ராமக்காளை விடுதலை செய்தால் மட்டும் போதாது. அவருக்குப் படிப்புத் தெரியாது. அவரை எதிரில் நிறுத்தி இதை முதலிலிருந்து ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும், அப்போது நானும் அங்கே நிற்கிறேன். விட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினால், தான் சரியாகப் பார்க்காததால்தான் பெட்ரோல் போயிற்று என்று அவர் சாகும் வரை நினைத்துக்கொண்டிருப்பார்.

(கையொப்பம்) ப. மாதையன்