கத்துறவங்க வேலை முதல்ல

அட, நிக்காதீங்கக்கா. அந்தக் கதிரையில இருக்குற பேப்பர்க் கட்ட எடுத்துக் கீழ வச்சிட்டு உக்காருங்க. ஒன்னும் கலையாது. பன்வில பஸ்ல நின்னுக்கிட்டேதான வந்திருப்பீங்க?

நாலு நாளா? யாரு சொன்னா? கோர்ட்டுக்கு முன்னால மொழிபெயர்த்துக் குடுக்குறவங்களா? அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நான் இன்னைக்கே தர்றேன். மக கட்டார்ல இருந்து வரணும், லீவுக்கு அப்பாவோட மரணச் சான்றிதழ் இங்கிலீஷ்ல வேணும், அவ்வளவுதான? சிங்களத்துல அனுப்புனா அந்த முதலாளி திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். தெரியும்க்கா.

இதெல்லாமா? எல்லாம் நான்தான். ஒரு ஆளு, மூனு பாஷை. கல்யாணப் பதிவு, காணி உறுதி, பொலிஸ் ரிப்போட்டு. என்.ஜி.ஓ.காரன் அம்பது பக்கத்த அனுப்பிட்டு நாளைக்கு மீட்டிங்னுவான். இந்த அரசாங்கக் கந்தோருங்க இருக்கே, சட்டப்படி தமிழ்லயும் எழுதணும், ஆனா தமிழ் தெரிஞ்ச ஒரு ஆள வேலைக்கு எடுக்க மாட்டாங்க. எனக்கு ஈமெயில்ல தள்ளி விட்ருவாங்க. நான் பிரின்ட் எடுத்துக் கட்டுல சொருகிருவேன். கழுத்து வலிக்கு டொக்டர் ஓய்வெடுங்கன்னாரு. போன மாசம் அவரோட லெட்டரையே நான்தான் தமிழ்ல மாத்திக் குடுத்தேன்.

எத முதல்ல செய்வேன்னா? அதுக்கு ஒரு முறை வச்சிருக்கேன்க்கா. எவன் போன் பண்ணிக் கத்துறானோ அவன் வேலை முதல்ல. விசாக்காரன் இக்மனட்ட மிஸ், இக்மனட்ட, சீக்கிரம் சீக்கிரம்னு உயிர எடுப்பான். அவன் மேல. லோயர்மாரு அதட்டுவாங்க. அவங்க அதுக்கும் மேல. கத்தாதவங்க அடியில. பதினாறு வருசமா இப்படித்தான் ஓட்டுறேன். கெட்டிக்காரின்னு பேரும் வாங்கியிருக்கேன். நாசமாப் போன பேரு.

குடுங்க பாப்போம். காளிமுத்து. வயசு அம்பத்தி நாலு. தோட்டத் தொழிலாளி. காரணம், மண்ணுல புதைஞ்சு... இருங்கக்கா, கண்ணாடியத் தொடச்சுக்கிறேன். தேதி பதினாலு.

மேட்டு லய வீடுங்கதான? தெரியும். நீங்க மட்டும் எப்படி... ஓ, தங்கச்சி வீட்டுக்கு நாவலப்பிட்டி போயிருந்தீங்களா. நல்லவேள. சீ, என்ன பேச்சுப் பேசுறேன், மன்னிச்சிருங்க.

ஏன்க்கா, மழை நேரம் கந்தோர்ல இருந்து உங்களுக்கு ஒரு கடுதாசியும் வரலியா? வந்துச்சா? கோயில் செவுத்துல ஒட்டியிருந்தாங்களா. சிங்களத்துல. கிராம சேவகரு வந்து சொல்லலியா? தமிழ்ல பின்னால வரும்னாங்களா. ம். நீங்களும் வரட்டும்னு இருந்துட்டீங்க. ஓட்டுப் பதியுற நோட்டீஸ்னு நெனச்சீங்களா. ஆமா, அங்க வேற என்னா நோட்டீஸ்தான் வந்திருக்கு.

உங்க மேல தப்பு ஒன்னும் இல்லக்கா. அழாதீங்க. வாசிக்கத் தெரியாம இருந்தது தப்பில்ல.

அந்த நோட்டீஸ் தமிழ்ல மாத்தச் சொல்லிப் பத்தாந் தேதியே வந்திருச்சு. இங்க, எனக்கு. மொத்தம் ஏழு வரி. மேட்டு லயத்துல இருக்குற எல்லாரும் ஒடனே எறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிரணும், மண்ணு சரியும்னு. இருபது நிமிசம் போதும் எனக்கு. அனுப்புன கந்தோர்லயும் ஒருத்தரும் போன் பண்ணல, ஒருத்தரும் கத்தல. அதனால அடியில போயிருச்சு. இப்ப நீங்க உக்காந்திருக்குற அதே கதிரையிலதான் கெடந்துச்சு. பதினாறாந் தேதி செஞ்சு, சீல் குத்தி அனுப்பினேன். கிடைத்தது, நன்றி மிஸ்னு பதில் போட்டாங்க. அதுக்கப்புறந்தான் நியூஸ்ல பாத்தேன்.

மக பேரு நிலூஷாதான? பாஸ்போட்ல இருக்குற மாதிரியே எழுதணும், சொல்லுங்க.

ஏன்க்கா சும்மா இருக்கீங்க? ஒங்களுக்கு வாயில்லியா? கத்துங்கக்கா. நீங்களாச்சும் என்னையப் பாத்துக் கத்துங்க.