ஹெல்மெட்டில் இரண்டு தட்டு

சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசிக்கும்போது வெண்ணெயைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முதலிலேயே சேர்த்தால் கட்டி கட்டியாக நின்றுவிடும், மீஷாக்கின் தொண்டையில் சிக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவனுடைய அம்மா வெர்னெல். ஞாயிறு காலையில் அவர் சர்ச்சுக்குப் போய்த் திரும்பும் வரை அவனுக்குச் சாப்பாடு ஊட்டுவது என் பொறுப்பு. ஆறு வருஷமாகச் செய்கிறேன். புயலில் சாலை மூடிய ஒரு வாரம் மட்டும் போக முடியவில்லை.

இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம், மேடம். எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே என்று சொன்னேன்.

நீங்கள் வீடியோவை நிறுத்திவைத்திருக்கும் இடம் எனக்குத் தெரியும். ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதி. நடுவில், ஹெல்மெட்டில் கை வைத்தபடி நிற்பவன் மீஷாக். திரையின் இடது ஓரத்தில், எல்லைக்கோட்டுக்கு வெளியே, ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றிக் குனிந்திருக்கிறானே, இருபத்தெட்டாம் எண், அவன் யார் என்று கேட்டீர்கள். நான்தான். கர்ட்டிஸ் ஓடம். ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது, கட்டிக்கொண்டிருந்தேன். வெர்னெலுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

இத்தனை வருஷம் கழித்து, மகனுக்கு என்ன நடந்தது என்று கேட்டு வெர்னெல் எழுதிய கடிதங்களுக்காகப் பல்கலைக்கழகம் ஒரு விசாரணை வைத்திருப்பது நல்லதுதான். முழுவதையும் சொல்கிறேன்.

அமெரிக்கன் ஃபுட்பாலில், சுற்றுக்குச் சுற்று பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓடுவது எங்கள் வேலை. அணியில் அந்த வேலைக்கு நான்கு பேர் இருந்தோம். களத்தில் ஒரு நேரத்தில் ஒருவனுக்குத்தான் இடம். மற்ற மூன்று பேர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் மூன்று வருஷம் நின்றேன். என் அப்பா மொபீல் நகரத்திலிருந்து ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, குளிருக்குப் போர்த்தியிருந்த போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பிப் போவார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "நல்லா நின்னேடா" என்று ஒரு முறை சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமைதோறும் அணி உடை மாற்றும் அறையின் கதவில் கோச் டாலிவர் ஒரு பட்டியல் ஒட்டுவார். முதல் பெயர்தான் களத்தில் இறங்கும். இருவரில் யார் என்று கோச்சால் முடிவு செய்ய முடியாவிட்டால், இரண்டு பெயர்களுக்கும் நடுவில் 'அல்லது' என்று போடுவார். என் கடைசி வருஷம், ஆகஸ்டில், மூன்று வாரம் அந்தக் கதவில் 'மீஷாக் பிராட்னாக்ஸ் அல்லது கர்ட்டிஸ் ஓடம்' என்று இருந்தது. என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால் அந்த மூன்று வாரத்தைத்தான் சொல்வேன். நான்காவது திங்கட்கிழமை 'அல்லது' இல்லை. அவன் மேலே, நான் கீழே.

மீஷாக் என்னைவிட இரண்டு வகுப்பு இளையவன். நாங்கள் ஒரே அறை. அவனை வெறுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனை யாராலும் வெறுக்க முடியாது. குளிக்கும்போது சுருதியே இல்லாமல் பாடுவான். என் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டு, "உனக்கு இது பொருத்தமா இல்லடா, அதான் எடுத்துக்கிட்டேன்" என்பான். அவன் அம்மா முதல் முறை வந்தபோது என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"நீதானா கர்ட்டிஸ்? என் புள்ள உன் இடத்தப் புடுங்கிட்டானாமே?"

"ஆமாம்மா."

"சரி, இடம் அவனுக்கு, நான் சுட்ட கேக் உனக்கு. கணக்கு நேராயிடுச்சு."

"மொத்த கேக்குமாம்மா?" என்று மீஷாக் அலறினான். அதற்குப் பிறகு அவர் அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் பாதியில் என் பெயர் எழுதியிருக்கும்.

ஆகஸ்டில் எல்லோரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஒரு ஞாபகச் சோதனை நடத்துவார்கள். வார்த்தைகள், கட்டங்கள், எது எங்கே இருந்தது என்பது போல. பின்னால் யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே சோதனையை மறுபடி வைத்து, மதிப்பெண் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறைந்தால் ஆட முடியாது. அதனால் சீனியர்கள் ஜூனியர்களுக்கு ஒன்று சொல்லிக்கொடுப்போம். ஆகஸ்டில் வேண்டுமென்றே மோசமாகச் செய். பிறகு அடிபட்டாலும் அதே மதிப்பெண் வரும். எனக்கு ஒருவன் சொன்னான், நான் மீஷாக்குக்குச் சொன்னேன். அப்போது அதில் என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அந்த ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பயிற்சியில் ஒருவன் மீஷாக்கை நேராக மோதித் தள்ளினான். பின்மண்டை தரையில் பட்டது. சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் சாப்பாட்டுக்கூடத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். "என்னடா, ஷூட்டிங்கா?" என்று பையன்கள் கலாய்த்தார்கள். "ஆட்டோகிராஃப் வேணும்னா வரிசைல வாங்கடா" என்றான். விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னான். அறைக்கு நடந்து போகிற அந்த ஐந்து நிமிடத்தில், "அம்மாவுக்கு போன் பண்ணிட்டனா?" என்று மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் "பண்ணிட்டே" என்றேன்.

"டேய், மிஸ் பாம்கிட்ட சொல்லிடாதடா. ரெண்டு வாரம் உக்கார வெச்சிடுவாங்க."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அணியில் காயங்களைப் பார்த்துக்கொள்வது மிஸ் பாம்தான். அவருக்கே சந்தேகம் வந்து புதன்கிழமை சோதனை வைத்தார். மீஷாக்குக்கு ஆகஸ்டில் வாங்கியதைவிட இரண்டு மதிப்பெண் அதிகமாக வந்தது. அப்படியும் அவர் திருப்தி அடையாமல் என்னைக் கூப்பிட்டார்.

"நீ அவன்கூடவே இருக்கியேப்பா. ஏதாச்சும் வித்தியாசமா தெரியுதா?"

"குறட்டை மட்டும் கூடிப்போச்சு, மிஸ் பாம்."

அவர் சிரித்தார். மாத்திரை எதுவும் கொடுக்கவா என்று கேட்டார். எனக்கா அவனுக்கா என்று கேட்டேன். மறுபடி சிரித்தார். நல்ல மனுஷி. விசாரணையில் அவர் மேல் தப்பு எதுவும் எழுதிவிடாதீர்கள்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சத்தியம் செய்து கொடுத்திருந்தேன், அது ஒரு காரணம். எங்கள் மத்தியில் காட்டிக்கொடுத்தவனோடு யாரும் ஒரு மேசையில் உட்கார மாட்டார்கள், அது இன்னொன்று. அதோடு, சாதாரணமாக யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருந்தால் அவனை இரண்டு வாரம் உட்கார வைத்திருப்பார்கள். எனக்கு இரண்டு ஆட்டம் கிடைத்திருக்கும். அவன் நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, புத்துணர்ச்சியோடு வந்திருப்பான். மூன்றாவது திங்கட்கிழமை கதவில் அவன் பெயர் மேலே இருந்திருக்கும். அந்த வருஷம் இன்னும் ஏழு ஆட்டங்கள் இருந்தன. அவனுக்கு அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் இருந்தன. எனக்கு அந்த ஏழு மட்டும்தான். ஆட வேண்டும் என்று கேட்டது அவன். அவன் ஆசைப்பட்டதை நான் தடுக்கவில்லை. இதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாகவே வருகிறது.

சனிக்கிழமை காலையில் வழக்கம்போல வரிசையில் உட்கார்ந்தோம். மிஸ் பாம் ஒவ்வொருவருக்கும் கணுக்காலைச் சுற்றி, ஷூவையும் சேர்த்து, விரல் நுனி வரை வெள்ளை டேப் சுற்றிவிடுவார். ஆட்டம் முடிந்து கத்திரிக்கோல் போட்டால்தான் கழற்ற முடியும். மீஷாக் பக்கத்தில் உட்கார்ந்து என் காதில் கேட்டான்.

"முதல் சுற்றுல நான் எந்தப் பக்கம்டா ஓடணும்?"

"வலது."

"ரெண்டாவது?"

நான் ஒரு பேனா எடுத்து அவன் மணிக்கட்டு டேப்பில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். சின்ன எழுத்தில், தெளிவாக. அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"நீ மட்டும் இல்லன்னா நான் என்னடா பண்ணுவேன்?"

முதல் பாதியில் நன்றாகவே ஆடினான். அவன் உடம்பு அப்படி. ஒவ்வொரு இடைவேளையிலும் அடுத்தது என்ன என்று நான் காதில் சொல்வேன், அவன் தலையாட்டுவான். வெர்னெலும் என் அப்பாவும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். வெர்னெலின் மடியில் கேக் பெட்டி இருந்தது.

இப்போது அந்தத் தட்டு பற்றிச் சொல்ல வேண்டும். களத்தில் இருப்பவனுக்கு மூச்சு வாங்கினாலோ, வலித்தாலோ, ஹெல்மெட்டின் உச்சியில் கையால் இரண்டு தட்டுத் தட்டுவான். 'எனக்குப் பதிலாக வா' என்று அர்த்தம். பட்டியலில் அடுத்து இருப்பவன் உடனே உள்ளே ஓட வேண்டும். கோச்சிடம் கேட்க வேண்டியதில்லை. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கோச் டாலிவர் முதல் நாளே சொல்லிவிடுவார்: "வெளிய நிக்கிறவனுக்கு ஒரே வேலைதான். அவன் கைய பாத்துக்கிட்டே இருக்கணும். அவன் தட்டும்போது நீ ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கணும்." மூன்று வருஷம் நான் அதைத்தான் செய்தேன். ஒரு தட்டைக் கூட விட்டதில்லை. இப்போது ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறேன். அவர்களுக்கும் முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

மூன்றாவது கால்பகுதியில் மீஷாக் ஐந்து கஜம் ஓடி விழுந்தான். சாதாரண விழுதல்தான். எழுந்தவன் எதிரணி நிற்கும் பக்கமாக நடந்தான். நடுவரே தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அவன் எங்கள் பக்கம் பார்த்தான். கையைத் தூக்கி ஹெல்மெட்டில் தட்டினான். ஒன்று, இரண்டு. கோச் கையிலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் லேஸ் கட்டக் குனிந்தேன்.

அடுத்த சுற்றில் பந்து அவனிடம் வரவில்லை. வருகிறவனைத் தடுத்து நிற்க வேண்டியது மட்டும்தான் அவன் வேலை. அவன் நின்றுகொண்டிருந்தான், தடுக்கக் கையைத் தூக்கவில்லை. மோதல் பெரிய சத்தம் கூட இல்லை. விழும்போது கையை ஊன்றாமல் விழுந்தான்.

ஸ்ட்ரெச்சரோடு வெர்னெலும் வெளியே ஓடினார். கேக் பெட்டி இருக்கையில் இருந்தது. என் அப்பா அதைத் தன் மடிக்கு எடுத்து வைத்துக்கொண்டார். அதன் பிறகு கோச் என் பெயரைச் சொன்னார். அன்று நான் நூற்றுப் பன்னிரண்டு கஜம் ஓடினேன். கால் கனத்தது, மனசு வரவில்லை என்றெல்லாம் சொன்னால் பொய். என் கால்கள் அவ்வளவு லேசாக அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை. அப்பா எழுந்து நின்று கைதட்டினார். திங்கட்கிழமை கதவில் என் பெயர் மேலே இருந்தது. மிச்சமிருந்த ஆறு ஆட்டமும் நானே ஆடினேன். அதற்குப் பிறகு யாரும் என்னை ஆடக் கூப்பிடவில்லை. அது பரவாயில்லை.

மீஷாக்குக்கு இப்போது இருபத்தைந்து வயது. வலது கை விரியாது. சில வார்த்தைகள் வரும், 'அம்மா' வரும். என் பெயர் வராது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் கதவைத் திறந்ததும் இடது கையைத் தூக்கித் தன் தலையில் இரண்டு முறை தட்டுகிறான். வேறு யாருக்கும் செய்வதில்லை.

"பாத்தியா கர்ட்டிஸ்? உன்னப் பாத்தாதான் புள்ளைக்கு அவ்ளோ சந்தோஷம்" என்பார் வெர்னெல். "அது உனக்கு அவன் சொல்ற வணக்கம்யா."

"ஆமாம்மா" என்பேன். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றுவேன், அவர் வீட்டில் கம்பளத்தில் ஷூவோடு நடக்கக் கூடாது. கிழங்கை எடுத்து அடுப்பில் வைப்பேன். என்னை மகனே என்றுதான் கூப்பிடுகிறார். அவருக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள், அதை அவரையே கேட்டுப் பாருங்கள்.

அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், மேடம். என் காலருகே. வெள்ளையாகத் தெரிவது சாக்ஸ் இல்லை, மிஸ் பாம் காலையில் சுற்றிய டேப். கணுக்காலிலிருந்து விரல் நுனி வரை. அந்த டேப்புக்கு வெளியே கட்டுவதற்கு லேஸே கிடையாது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே நாற்பது நொடி தருவார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், முடியும் வரை.